வேன் கண்ணாடியில் விழுந்த கல்



தச்சநல்லூரில் வசிக்கும் என் மூத்த சகோதரி ஒரு நாள் மஃரிபுக்குப் பின் தொலைபேசியில் அழைத்தார். குரலில் சலிப்புத் தெரிந்தது. "தம்பி, வேன் கண்ணாடியிலே திரும்பவும் கல் விழுந்துட்டு. ஒருத்தர் சில நூறு ரூபாயிலே அடைச்சுத் தாரேங்கார். இன்னொருத்தர் கண்ணாடியையே மாத்தணும்ங்கார். நோன்பு நெருங்குது, ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. ஒரு நாள் வண்டி நின்னாலும் கடைக்காரங்க வேற ஆளைப் பார்த்திருவாங்க. நீ வந்து பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

இதை ஒரு வீட்டின் சொந்த விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். நம்மில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு ஒரு பழைய வேனையோ, ஒரு குட்டி யானையையோ நம்பித்தான் எரிகிறது. மேலப்பாளையத்திலிருந்து துணி ஏற்றிப் போகிறவர்கள், பத்தமடையிலிருந்து பாய்க்கட்டுகளை ஏற்றுகிறவர்கள், பேட்டையிலிருந்து மளிகைச் சாமான் கொண்டு செல்கிறவர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். வண்டிக்கு டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம். எஞ்சின் ஆயில் குறைந்தால் ஊற்றுகிறோம். முன்கண்ணாடியில் ஒரு சிறு புள்ளி விழுந்தால் மட்டும், வண்டி ஓடத்தானே செய்கிறது என்று விட்டுவிடுகிறோம்.

லாத்தா வீட்டு வேன் ஒரு பழைய மாருதி ஆம்னி. அந்த வண்டியின் தயாரிப்பு 2019ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனால் நெல்லைச் சீமையில் அதன் உழைப்பு இன்னும் நின்றபாடில்லை. மச்சான் தொடங்கி வைத்த ரொட்டி அடுப்பு வீட்டின் பின்புறத்தில் இருக்கிறது. பன், ரஸ்க், வர்க்கி ஆகியவற்றை அடுக்கிக்கொண்டு, சுபுஹு தொழுகை முடிந்ததும் என் மருமகன் வண்டியை எடுப்பான். வண்ணார்பேட்டையைக் கடந்து தூத்துக்குடிச் சாலையில் ஏறி, வல்லநாடு, தெய்வச்செயல்புரம் வழியாகக் கடைகடையாக இறக்கிக்கொண்டே தூத்துக்குடி வரை போவான். அங்கே மைதா, சர்க்கரை வாங்கிக்கொண்டு அஸருக்குப் பின் திரும்புவான். இந்த நேரக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அந்த வீட்டுக்கு இது மூன்றாவது கல்.

முதல் கல் விழுந்தது 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அதற்கு முந்திய டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. சாலைகள் அரித்துக்கொண்டு போயின. வெள்ளம் வடிந்தபின் பள்ளங்களில் ஜல்லியைக் கொட்டி நிரவினார்கள். அந்தத் தளர்ந்த ஜல்லியின்மேல் லாரிகள் விரையும்போது டயர் இடுக்கில் சிக்கிய கல் பின்னால் வருகிற வண்டியின் மேல் தெறிக்கும். அப்படித்தான் மருமகனின் வேனில், கிளீனர் உட்காரும் இடது பக்கத்தில், ஒரு மிளகு அளவுக்குப் புள்ளி விழுந்தது. சுற்றிலும் நட்சத்திரம் போல நான்கைந்து மெல்லிய கோடுகள்.

ஏறக்குறைய இருபது நாட்கள் அப்படியே ஓட்டினான். நடுவில் ஒரு நண்பரின் யோசனைப்படி, விரைவில் ஒட்டுகிற பசையை அதன்மேல் ஒரு சொட்டு வைத்தான். ஒரு நாள் லுஹர் நேரம், கொதிக்கிற வெயிலில் நின்ற வண்டியைக் கழுவுவதற்காகக் கிணற்று நீரை ஒரு வாளி எடுத்து முகத்தில் அடித்தான். டிக் என்று ஒரு சத்தம். புள்ளியிலிருந்து கிளம்பிய கோடு அவன் கண்ணெதிரிலேயே ஓடி மறு ஓரத்தைத் தொட்டது. சில நூறு ரூபாய்ச் சமாசாரம் சில ஆயிரம் ரூபாய்ச் சமாசாரமாக மாற ஒரு வாளித் தண்ணீர் போதுமானதாயிருந்தது.

இதில் மாயமொன்றுமில்லை. இன்றைய வாகனங்களின் முன்கண்ணாடி ஒரே கண்ணாடி அன்று. சுமார் 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, பி.வி.பி. என்னும் பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்துச் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டியிருப்பார்கள். இதற்கு லேமினேட்டட் கண்ணாடி என்று பெயர். கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டுமே அடிவாங்கும். உள்தகடும் படலமும் அப்படியே இருக்கும். வெயிலில் கண்ணாடி விரிகிறது. குளிர்ந்த நீர் பட்ட பக்கம் திடீரென்று சுருங்குகிறது. முழுக் கண்ணாடி அந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே கீறல் உள்ள இடத்தில் அந்த விசையெல்லாம் கீறலின் கூர்நுனியில் போய்க் குவியும். ஈரமும் உள்ளே புகுந்துவிட்டால் கீறல் இன்னும் எளிதாக நீளும். பாரம் ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கி முறுக்கிக்கொள்ளும்போதும் இதேதான் நடக்கிறது.

பக்கவாட்டுக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் வேறு ஜாதி. அவற்றை 600 டிகிரிக்கும் மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிரவைத்து வலுவூட்டியிருப்பார்கள். அவை உடைந்தால் கல்கண்டு போலச் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். அவற்றை அடைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, மாற்றத்தான் வேண்டும். முற்காலத்தில் நம் நாட்டுப் பல லாரிகளிலும் கார்களிலும் முன்கண்ணாடியே இந்த வகையாக இருந்தது. கல் பட்ட கணத்தில் கண்ணாடி முழுவதும் பால்போல வெளுத்துப் பாதை மறைந்துவிடும். ஓட்டுநர் கையால் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டு அதன் வழியே பார்த்து வண்டியை ஓரம் கட்டுவார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் கையில் அந்த வகையில் வந்த தழும்பைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பின்னால் மத்திய மோட்டார் வாகன விதிகள் முன்கண்ணாடி லேமினேட்டட் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிய பிறகு அந்த ஆபத்து நீங்கியது.

இந்தக் கண்ணாடி பிறந்த கதை சுவையானது. எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1903ஆம் ஆண்டில் தம் கூடத்தில் ஒரு குடுவையைத் தவறவிட்டாராம். குடுவை விரிசல் கண்டதே தவிரச் சிதறவில்லை. முன்பு அதில் வைத்திருந்த ஒரு செல்லுலோஸ் கரைசல் காய்ந்து, உட்புறத்தில் படலமாகப் படிந்திருந்ததுதான் காரணம். மோட்டார் விபத்துகளில் கண்ணாடி குத்தி மக்கள் காயமடைவதைப் பின்னர் அறிந்தபோது அந்தக் குடுவை அவர் நினைவுக்கு வந்தது என்பார்கள். 1909இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்ணாடிக்கு அது பயன்பட்டது. தொடக்ககாலப் படலங்கள் நாளடைவில் மஞ்சள் பூத்தன. 1930களில் பி.வி.பி. வந்தபின்தான் இன்றுள்ள தெளிவு கிடைத்தது.

இனி இரண்டாவது கல்லுக்கு வருவோம். முதல் கண்ணாடியைப் பறிகொடுத்த பிறகு மருமகன் விழித்துக்கொண்டான். மறு ஆண்டு மீண்டும் இடது பக்கம் ஒரு கல் பட்டபோது வண்டியை அங்கேயே ஓரமாக நிறுத்தினான். ஈரமில்லாத சுத்தமான துணியால் துடைத்து, புள்ளியின்மேல் சாதாரண செல்லோ டேப்பை ஒட்டினான். பசையோ நகப்பூச்சோ தடவவில்லை. இது மிக முக்கியம். சகோதரிகள் சிலர் நல்லெண்ணத்தோடு தங்கள் நகப்பூச்சை எடுத்து நீட்டுவதுண்டு, வேண்டாம். கீறலுக்குள் வேறொரு பொருள் போய் உறைந்துவிட்டால், பிறகு எந்தக் கைதேர்ந்தவராலும் அதற்குள் முறையான பிசினைச் செலுத்த முடியாது. முதல் கண்ணாடியில் அவன் வைத்த ஒரு சொட்டுப் பசையே, வாளித் தண்ணீருக்கு முன்னால் அதை அடைக்கும் வாய்ப்பைக் கெடுத்திருக்கும். அழுக்கும் நீரும் புகாமல் மூடி வைத்து, ஓரிரு நாட்களுக்குள் கொண்டுபோக வேண்டும். செய்ய வேண்டியது அவ்வளவே.

அடைக்கும் முறையை நான் அருகிலிருந்து பார்த்தேன். புள்ளியின்மேல் ஒரு சிறு கருவியை உறிஞ்சு கோப்பையால் பொருத்துகிறார்கள். முதலில் கீறலுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்துவிட்டு, நீர்போன்ற பிசினை அழுத்தத்துடன் உள்ளே செலுத்துகிறார்கள். காற்றை இழுப்பதும் பிசினைச் செலுத்துவதுமாக மாறிமாறிச் செய்யும்போது, அந்த நட்சத்திரக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைவதைக் காணலாம். பிறகு புற ஊதாக் கதிர் விளக்கை வைத்தால் சில நிமிடங்களில் பிசின் இறுகிவிடும். மேலே மீந்ததைச் சுரண்டி மெருகேற்றினால் வேலை முடிந்தது. வண்டியை நிழலில் நிறுத்தித்தான் செய்தார்கள். வெயிலிலும் புற ஊதாக் கதிர் இருப்பதால், பிசின் கீறலின் கடைசி நுனிவரை போவதற்கு முன்பே இறுகிவிடும் என்றார் அந்தத் தொழிலாளி. சூடான கண்ணாடியிலும் செய்ய மாட்டார்களாம். உச்சி வெயிலில் சாலையோரம் நின்று பத்தே நிமிடத்தில் அடைத்துத் தருகிறேன் என்பவரிடம் இதை நினைவில் கொண்டு பேசுங்கள்.

அந்த அடைப்பு நன்றாகவே நின்றது. இன்றுவரை ஒரு நூல் நீளவில்லை. எனவே மூன்றாவது கல் விழுந்ததும் மருமகன் அதே தைரியத்தில் இருந்தான். டேப்பும் ஒட்டிவிட்டான். "மாமா, போன தடவையை விடச் சின்னதுதான். அடைச்சிரலாம்" என்றான். அளவைப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் முற்றிலும் மறைந்துவிடும். ஓரத்திலிருந்தும் வெகுதூரம் தள்ளியிருந்தது. வெளித்தகட்டில் மட்டுமே காயம். விரல்நுனியால் உட்புறம் தடவினால் வழவழப்பாக இருந்தது. ஆனால் இந்த முறை கல் விழுந்த இடம் வலது பக்கம், ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேர் எதிரே.

லாத்தாவிடம் உடனே பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மறுநாள் சுபுஹுக்குப் பின் நானும் வேனில் ஏறிக்கொண்டேன்.

வண்ணார்பேட்டை கடக்கும்வரை இருட்டு, ஒன்றும் தெரியவில்லை. வல்லநாட்டு மலை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோது சூரியன் எழுந்தது. நெல்லையிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய நேர்கிழக்கு. காலையில் போகும்போது சூரியன் முகத்தில். அஸருக்குப் பின் மேற்கே திரும்பும்போதும் சூரியன் முகத்தில். தாமிரபரணிக் கரையில் கடலுக்கும் மலைக்கும் நடுவே பிழைப்பவர்கள் பலருக்கும் இதுதான் விதி. தென்காசிப் பக்கம் போகிறவர்களுக்கு இது தலைகீழாக அமையும்; காலையில் முதுகில் வெயில், மாலையிலும் முதுகில் வெயில். அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்!

சூரிய ஒளி சாய்வாகப் பட்டதும் அந்தச் சிறு புள்ளி ஒரு மின்விளக்கைப் போல எரியத் தொடங்கியது. சரி, இது இன்னும் அடைக்கப்படாத காயம், அடைத்தால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அப்போதுதான் என் முன்னால், இடது பக்கத்தில் இருந்த பழைய அடைப்பைப் பார்த்தேன். நிழலில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். காய்ந்துபோன ஒரு நீர்த்துளியின் தடம் போல அவ்வளவு மங்கல். ஆனால் எதிர்வெயிலில் அதுவும் மினுங்கியது. மற்றதைவிடக் குறைவுதான், ஆனாலும் மினுங்கியது. பிசின் கீறலை நிரப்புகிறது, பலத்தையும் பெருமளவு மீட்டுத் தருகிறது. தழும்பை அடியோடு அழிப்பதில்லை.

தெய்வச்செயல்புரத்துக்குச் சற்று முன்னால் ஒரு முதியவர் சைக்கிளில் பால் கேனை மாட்டிக்கொண்டு பக்கச் சாலையிலிருந்து ஏறினார். நான் பார்த்துவிட்டேன். மருமகன் இன்னும் பார்க்கவில்லை என்பது வண்டியின் வேகத்தில் தெரிந்தது. "வாப்பா, ஆளு!" என்று கத்தினேன். பிரேக்கை மிதித்தான், பின்னால் ரொட்டித் தட்டுகள் சரிந்தன. முதியவர் எங்களைத் திரும்பிக்கூடப் பாராமல் மிதித்துக்கொண்டு போனார். சிறிது தூரம் போனபின் அவனாகவே சொன்னான்: "அந்தப் புள்ளிக்குப் பின்னால இருந்திருக்கார் மாமா. எனக்குத் தெரியலை."

கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

பொதுவாகத் தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு இதுதான்: நாணயத்துக்குள் அடங்குகிற புள்ளியை, ஒரு விரல் நீளத்துக்குள் உள்ள கீறலை அடைக்கலாம். அது ஓரத்திலிருந்து மூன்று நான்கு விரற்கடை தள்ளியாவது இருக்க வேண்டும். ஓரத்துக் கீறல் எந்த நேரமும் ஓடிவிடும். உள்தகட்டிலும் விரிசல் இருந்தால், அல்லது நடுப்படலம் வெளுத்துப் பிரிந்திருந்தால், அடைப்பது வீண். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநருக்கு நேர் எதிரே, அவர் பக்கத்து வைப்பர் துடைக்கிற பகுதியில் இருந்தால், அளவு எவ்வளவு சிறிதானாலும் மாற்றுவதே நலம். நாணயத்தை வைத்து அளந்து பார்ப்பதற்கு முன்னால், ஓட்டுகிறவரின் இருக்கையில் உட்கார்ந்து, அவர் வழக்கமாகப் போகிற நேரத்தில், வழக்கமான திசையில் ஒருமுறை பாருங்கள். பட்டறையின் நிழலில் நின்று எடுக்கிற முடிவு சாலையில் செல்லாது.

சிலர் புள்ளியை மறைக்க அதன்மேல் 'மாஷா அல்லாஹ்' ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறார்கள். ஸ்டிக்கர் பாவம், அது என்ன செய்யும்! ஸ்டிக்கரும் பார்வையை மறைக்கும் பொருள்தான். முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும் என்பது விதி. கறுப்பு பிலிம் ஒட்டுவதை 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடுத்ததும் இந்த விதியின் பேரில்தான். தொழில் வாகனங்களுக்கு எட்டு வயதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் எஃப்.சி. எடுக்க வேண்டும். லாத்தா வீட்டு வேன் எட்டைக் கடந்துவிட்டது. விரிசல் கண்ட கண்ணாடியோடு எஃப்.சி.க்குப் போனால் திரும்பி வந்து மாற்றிக்கொண்டு மறுபடியும் போக வேண்டிவரும்; அதிலும் ஒரு நாள் பிழைப்புப் போகும்.

அடுத்த கேள்வியை லாத்தாவே கேட்டார்: "இன்சூரன்ஸ்லே வாங்கலாம்லா?"

வாங்கலாம், ஆனால் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு நம் கண்ணாடிக்குப் பணம் தராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால்தான் தரும். அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி மதிப்பைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் பாலிசியில் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை ஒன்று இருக்கும், அது முதலில் கழியும். பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. உரிமை கோராமல் இருக்கிற ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் எனச் சலுகை ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒரு முறை கோரினால் அது பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடியும் முதற்படியிலிருந்து ஏற வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 4,000 ரூபாய் என்றும், அது ஆண்டுதோறும் மாறவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 50 சதவீதப் படியில் இருக்கிறீர்கள். ஆண்டுக்கு 2,000 ரூபாய் மிச்சமாகிறது. இப்போது கண்ணாடிக்காகக் கோரினால், அடுத்த புதுப்பிப்பில் 2,000 முழுவதும் போகும். அதற்கடுத்த ஆண்டு சலுகை 20 சதவீதம்தான், இழப்பு 1,200. பிறகு 1,000, 600, 200 என்று இறங்கும். ஐந்து புதுப்பிப்புகளில் மொத்தம் 5,000 ரூபாய் இழப்பு. கண்ணாடி மாற்றும் செலவு இதைவிடக் குறைவென்றால் கைப்பணத்தில் மாற்றிக்கொள்வதே லாபம். சலுகைப் படியின் அடியில் இருப்பவர்களுக்கும், விலையுயர்ந்த கண்ணாடி உள்ள புது வண்டிக்காரர்களுக்கும் கணக்கு வேறாக வரும். சலுகையைக் காக்கும் கூடுதல் பிரிவு சில பாலிசிகளில் உண்டு. பாலிசித் தாளைப் படித்துப் பாருங்கள். மார்க்கக் காரணங்களால் சொந்தச் சேதக் காப்பீட்டைத் தவிர்க்கிற குடும்பங்களும் நம்மில் இருக்கின்றன. அதற்குள் நான் புகவில்லை. அவர்களுக்கு முழுச் செலவும் கைப்பணம் என்பதால், அடைக்கக்கூடிய புள்ளியை அன்றே மூடி வைப்பது மற்றவர்களைவிட அதிக அவசியம்.

லாத்தா தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப கைக்காசுதான்" என்று எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். நோன்புக்கு மாவு வாங்க ஒதுக்கியிருந்த பணம் அது.

வெள்ளிக்கிழமை மாற்றுவதென்று ஏற்பாடு. அன்றைய சரக்கைத் தெருக்கோடியில் சுமை ஆட்டோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வல்லநாடு வரைக்கும் கொண்டுபோய் இறக்கித் தர ஒப்புக்கொண்டார். அதற்கப்பால் உள்ள கடைகளுக்கு மருமகன் முந்தின நாளே கூடுதலாகக் கொடுத்து, காரணத்தையும் சொல்லிவிட்டான். ஒரு கடைக்காரராவது வேறு ஆளைத் தேடவில்லை. சொல்லாமல் நிற்கிற வண்டிக்குத்தான் வாடிக்கை போகும் போலிருக்கிறது.

பட்டறையில் புதுக் கண்ணாடியைப் பிரித்ததும், அதன் மூலையில் உள்ள முத்திரையைப் பார்த்தோம். லேமினேட்டட் என்ற சொல்லும், ஐ.எஸ். 2553 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முத்திரையற்ற கண்ணாடி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஆம்னி போன்ற பழைய வண்டிகளில் கண்ணாடியை ரப்பர் பீடிங்கில் பொருத்துவார்கள். பழைய பீடிங் காய்ந்து விறைத்திருந்தது. அதையே திரும்பப் போட்டால் சிறிது பணம் மிச்சம் என்றார்கள். மழை பெய்தால் ரொட்டித் தட்டில் நீர் சொட்டும் என்பதால் புதிதாகவே வாங்கினோம். பீடிங்கை உரித்தபோதுதான் ஒரு சங்கதி வெளிப்பட்டது. கீழ்ச் சட்டத்தில், வலது மூலையில், துரு செதில் செதிலாக எழுந்திருந்தது. தூத்துக்குடி உப்புக் காற்றில் நாள்தோறும் நிற்கிற வண்டியல்லவா! அந்தத் துருவின்மேல் கண்ணாடியை உட்காரவைத்திருந்தால், மேட்டில் அழுந்தி, கல்லே படாமல் மூலையிலிருந்து விரிசல் விட்டிருக்கும். சுரண்டித் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்தபின்தான் கண்ணாடி ஏறியது. அதற்கே ஜும்ஆ நேரம் வந்துவிட்டது.

புது வகை வண்டிகளில் பீடிங் இல்லாமல் பசையால் ஒட்டியிருப்பார்கள். அவற்றில் கண்ணாடி வண்டிக்கூட்டின் பலத்திலும் பங்கெடுக்கிறது. பசை இறுகுவதற்குச் சில மணி நேரம் ஆகும். எவ்வளவு நேரம் என்பதைப் பட்டறையில் கேட்டு, அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். அன்றைக்குக் கதவை அடித்துச் சாத்துவதையும், அழுத்தமான நீர்ப்பாய்ச்சலில் கழுவுவதையும் தவிர்க்க வேண்டும். வைப்பர் பிளேடைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேய்ந்த பழைய பிளேடைப் புதுக் கண்ணாடியில் போட்டால், முதல் மழையிலேயே அரைவட்டமாகக் கோடு விழும். அதையும் அன்றே மாற்றினோம்.

பழைய கண்ணாடி இப்போது லாத்தா வீட்டு வேப்பமரத்தடியில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கோழிக்கூண்டுக்கு வெட்டிப் போடலாமா என்று கேட்டார். லேமினேட்டட் கண்ணாடியை வீட்டில் வெட்ட முயன்றால் கையைத்தான் வெட்டிக்கொள்வோம் என்று சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை காலை மருமகன் வாகைக்குளம் சுங்கச்சாவடியிலிருந்து அழைத்தான். ஒன்றை நாங்கள் எல்லோருமே மறந்திருந்தோம். ஃபாஸ்டேக் அந்தப் பழைய கண்ணாடியிலேயே, வேப்பமரத்தடியில் இருந்தது. அதை உரித்தால் கிழிந்துவிடும். ஒட்டி மீண்டும் பயன்படுத்த முடியாது. வங்கியில் மாற்று டேக் கேட்டு வாங்க வேண்டும். அன்று அபராதத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனான். கண்ணாடி மாற்றுகிற அன்றே புது டேக்குக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.